நிறுத்தம் தவறிய பற்கள்

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தாடையில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. கீழ்த்தாடையின் வலப்புறத்தில் அவனுக்கு வீக்கம் இருந்தது. 3 வயதிலேயே பெற்றோர் அதனைக் கண்டிருந்தனர்; ஆனால், சிறுவன் சோதனைகளுக்கு ஒத்துழைக்காததால் ஆண்டுகள் கடந்தன. பின்னர் எக்ஸ் கதிர்ப் படமும் சி.டி. ஸ்கேனும் எடுக்கப்பட்டபோது, தாடை எலும்புக்குள் வெண்மையான சிறு துணுக்குகள் நெருக்கமாகக் குவிந்திருப்பது தெரிந்தது. அறுவையில் ஒரு பை முழுமையாக வெளியே எடுக்கப்பட்டது. நோய்க்கூறியல் வல்லுநர்கள் அதனைப் பிரித்து, உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினர். அப்பணிக்கே பல மணி நேரம் ஆயிற்று. எண்ணிக்கை 526. அவற்றுள் மிகச் சிறியது 0.1 மில்லிமீட்டர், மிகப் பெரியது 15 மில்லிமீட்டர்.

சிறுவன் வாயில் 526 பற்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. கேட்போர் வியப்புற்றனர். அத்தலைப்பில் பிழை இல்லை. எனினும் அது பாதி உண்மையே. அப்பற்கள் வாயில் முளைத்து நிற்கவில்லை. மெல்லவும் கடிக்கவும் உதவவில்லை. ஆயினும் அவற்றுள் மிகச் சிறிய துணுக்கிற்குக்கூடப் பல்லுக்குரிய முடி இருந்தது; வேர் இருந்தது; மேலே எனாமல் பூச்சும் இருந்தது. பல்லாக வேண்டும் என்பதை அறிந்திருந்த, எத்தனை என்பதை மட்டும் அறியாத பற்கள் அவை. மருத்துவ நூல்கள் இத்தகைய வளர்ச்சியை ஒடோன்டோமா எனக் குறிக்கின்றன. கிரேக்க மொழியில் பல்லைக் குறிக்கும் சொல்லோடு, கட்டியைக் குறிக்கும் 'ஓமா' என்னும் ஈறு சேர்ந்து அமைந்த பெயர் இது.

இவ்வளர்ச்சியைப் புரிந்துகொள்ள, இயல்பான பல் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தமிழில் பல் 'முளைக்கிறது' என்கிறோம். நெல்லுக்கும் புல்லுக்கும் உரிய வினைச்சொல்லைப் பல்லுக்கும் வழங்கியவர்கள் நம் முன்னோர். சங்கப் புலவர்கள் மகளிர் பற்களை முல்லை அரும்புகளுக்கு ஒப்பிட்டனர். கருவியல் அறிஞர்களும் பல்லின் தொடக்க நிலையை அரும்பு என்றே அழைக்கின்றனர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே சொல்லை வந்தடைந்தது இனியதொரு தற்செயல்.

தாயின் வயிற்றில் கரு ஏறத்தாழ 6 வாரம் வளர்ந்திருக்கும்போது, பின்னாளில் ஈறாகப்போகும் இடத்தில், வாயின் உட்புறத் தோல் தடித்து ஒரு பட்டையாகிறது. அப்பட்டையிலிருந்து குறிப்பிட்ட இடங்களில் சிறு மொட்டுகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. மொட்டு குல்லாய் வடிவம் பெறுகிறது. பின்பு மணி வடிவம் பெறுகிறது. மேலே உள்ள தோற்செல்கள் எனாமலை உருவாக்கும். கீழே உள்ள மென்மையான இழையம், எனாமலுக்கு அடியில் அமையும் டென்டைன் என்னும் கடினப் பகுதியையும், அதன் நடுவே குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழையும் உருவாக்கும். வேரைச் சுற்றி எலும்பை ஒத்த மெல்லிய காரைப்படலம் படியும். குழந்தை பிறக்கும்போது வாய் வெறுமையாகத் தோன்றினாலும், 20 பால்பற்களும் தாடைக்குள் உருவாகத் தொடங்கியிருக்கும்.

மேலே உள்ள தோலும் கீழே உள்ள இழையமும் தனித்தனியே பல்லை உருவாக்க இயலாது. இரண்டும் வேதிச் செய்திகளால் இடைவிடாது உரையாடிக்கொள்கின்றன. 1980களில் எலிக் கருக்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. தாடைப் பகுதியின் இளந்தோலை எடுத்து, பல்லே முளைக்காத வேறொரு பகுதியின் இழையத்தோடு சேர்த்து வளர்த்தபோது, அங்கும் பல் உருவாயிற்று. முதலில் கட்டளையிடுவது தோலே என்பது இதனால் விளங்கியது. சில நாள்கள் கழிந்தபின் கட்டளையிடும் ஆற்றல் கீழே உள்ள இழையத்திற்கு மாறிவிடுகிறது.

இவ்வுரையாடலில் 'செய்' என்னும் செய்திக்கு இணையாக 'நிறுத்து' என்னும் செய்தியும் இடம்பெறுகிறது. பல் அரும்பின் நடுவே எனாமல் முடிச்சு என்னும் ஒரு சிறு செல்தொகுதி தோன்றும். பல்லின் வடிவத்தை வகுக்கும் செய்திகள் அதிலிருந்தே செல்கின்றன. வேலை முடிந்ததும் அச்செல்கள் தாமே மடிந்துவிடுகின்றன. பற்களை ஈன்ற பட்டையும் காலப்போக்கில் துண்டு துண்டாகச் சிதைந்து மறைகிறது. எனாமலை உருவாக்கிய செல்களோ பல் வாயில் வெளிப்படும்போது அழிந்துபோகின்றன. அதனாலேயே சொத்தையில் இழந்த எனாமலை உடலால் மீண்டும் ஆக்க முடிவதில்லை. பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்னும் கணக்கு இத்தனை நிறுத்தங்களால் காக்கப்படுகிறது.

நிறுத்தம் உரிய நேரத்தில் நிகழாவிட்டால் விளைவது என்ன? எலிகளில் இவ்வினாவிற்கு விடை கிடைத்துள்ளது. பல் உருவாக்கத்தைத் தூண்டும் ஒரு செய்தித்தொடரை அடக்கிவைக்கும் ஏ.பி.சி. என்னும் மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, பல்லின் பக்கத்தில் பல்லும் அதன் பக்கத்தில் மற்றொரு பல்லுமாக முளைத்துக்கொண்டே சென்றன. மனிதர்களுக்கு ஒடோன்டோமா தோன்றுவதற்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட இயலாது. இளம்பருவத்தில் தாடையில் பட்ட அடி, தொற்று, மரபு ஆகியன காரணங்களாகப் பேசப்படுகின்றன. தூண்டுதல் எதுவாயினும், நிகழ்வது ஒன்றே: பல்லாக்கும் இழையங்கள் தம் வேலையைத் தொடர்கின்றன, கணக்கோ ஒழுங்கோ கைவிடப்படுகிறது.

கணக்குத் தவறினால் ஒருவகை. ஒழுங்கும் தவறினால் மற்றொருவகை. முதலாவதைக் கூட்டு ஒடோன்டோமா எனலாம். மாதுளையைப் பிளந்தால் முத்துகள் ஒரு தோலுக்குள் அடுங்கியிருப்பதுபோல, பல் வடிவமுள்ள சிறு துணுக்குகள் ஒரு பைக்குள் நிறைந்திருக்கும். பெரும்பாலும் இது மேல்தாடையின் முன்பகுதியில், வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் அமையும் இடத்தில் காணப்படும். சென்னைச் சிறுவனுக்கு இருந்தது இவ்வகையே. ஆனால், அது கீழ்த்தாடையில் அமைந்திருந்தது. இரண்டாவது சிக்கல் ஒடோன்டோமா. இதில் எனாமலும் டென்டைனும் காரைப்படலமும் பற்கூழும் எல்லாம் உண்டு. பல்லின் வடிவம் மட்டும் இல்லை. செங்கல், சுண்ணாம்பு, மரம் யாவும் வந்து இறங்கியும் கொத்தனார் வராத வீட்டைப்போல, பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே திரளாகக் கிடக்கும். இது தாடையின் பின்பகுதியில், கடைவாய்ப்பற்களின் அருகே மிகுதியாகத் தோன்றும்.

பல்லை ஒத்த வேறு சில வளர்ச்சிகளும் உண்டு. கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் சிலருக்கு எனாமல் ஒரு சிறு மணியாக உருண்டு நிற்கும். அதனை எனாமல் முத்து என்பர். மேல்முன் வெட்டுப்பற்கள் இரண்டிற்கும் இடையே கூம்பு வடிவில் ஒரு மிகைப்பல் முளைப்பதும் உண்டு. அது தனியொரு பல்லேயன்றி ஒடோன்டோமா ஆகாது. தெற்றுப்பல்லோ இவை எவற்றிலும் சேராது. இடம் போதாமையால் வரிசை பிறழ்ந்த இயல்பான பல் அது. அதனை அதிர்ஷ்டத்தின் அடையாளமாகக் கொள்வாரும் உளர்.

இவ்வளர்ச்சி மனிதர்க்கு மட்டும் உரியதன்று, புதியதும் அன்று. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் கோர்கனாப்சியன் என்னும் விலங்கினத்தின் தாடைப் புதைபடிவம் ஒன்று கிடைத்தது. பாலூட்டிகளின் தொலைதூர உறவான இவ்விலங்குகள், டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்தவை. வாள் போன்ற நீண்ட கோரைப்பற்களைக் கொண்டவை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பற்கள் தாடையோடு எவ்வாறு பொருந்தியிருந்தன என்பதை அறிய அந்தப் புதைபடிவத்தை மெல்லிய தகடுகளாக அறுத்து நுண்ணோக்கியில் கண்டனர். கோரைப்பல்லின் வேரை ஒட்டி எதிர்பாராத சில வட்டங்கள் தென்பட்டன. அவை குறைந்தது 8 குறும்பற்கள்; ஒவ்வொன்றிலும் டென்டைனும் எனாமலும் இருந்தன. மருத்துவர்கள் இன்று கூட்டு ஒடோன்டோமா என்று அழைப்பதே அது. புதைபடிவத்தின் அகவையோ ஏறத்தாழ 25 கோடியே 50 இலட்சம் ஆண்டுகள். அதுவரை அறியப்பட்டிருந்த மிகப் பழைய சான்று ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டதே. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இம்முடிவுகள் வெளியாயின. தாடையின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அரிய புதைபடிவத்தை அறுக்க எவரும் எளிதில் உடன்படுவதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒடோன்டோமா என்னும் பெயரை 1860களில் வழங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்து புகழ்பெற்றவர் இவரே. பல்லாக்கும் இழையங்களிலிருந்து தோன்றும் கட்டிகள் அனைத்திற்கும் அவர் இப்பெயரைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில், எனாமலும் டென்டைனும் முழுமையாக உருவாகிய வளர்ச்சிகளுக்கு மட்டும் இப்பெயர் உரியதாயிற்று. நோய் வகைப்பாட்டில் இது தீங்கற்ற கட்டிகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தாலும், உண்மையில் இது கட்டியன்று, வளர்ச்சிப் பிறழ்வே என்று கருதும் அறிஞர் பலர். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. புற்றுச் செல்கள் முதிர்ச்சி அடையாமல் பெருகிக்கொண்டே செல்லும். அண்டைப் பகுதிகளை ஊடுருவும். குருதி வழியே தொலைவில் உள்ள உறுப்புகளுக்கும் பரவும். ஒடோன்டோமாவின் செல்களோ முதிர்ச்சி அடைகின்றன. கடினமான எனாமலையும் டென்டைனையும் ஆக்கி முடித்தபின் அவை பெருகுவதில்லை. நிறுத்தம் தாமதமாகவேனும் வந்துசேர்கிறது. ஒடோன்டோமா ஓர் அளவோடு நின்றுவிடுவதற்கும், பிற உறுப்புகளுக்குப் பரவாததற்கும் காரணம் இதுவே.

தமிழில் 'கட்டி' என்னும் ஒரே சொல் கொப்புளத்தையும் குறிக்கிறது, புற்றையும் குறிக்கிறது. மருத்துவர் அச்சொல்லைச் சொன்ன அளவில் ஒரு குடும்பம் நிலைகுலைவதுண்டு. 2014ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞர் ஒருவரின் தாடையிலிருந்து 232 பற்கள் அகற்றப்பட்டன. அறுவை ஏறத்தாழ 7 மணி நேரம் நீடித்தது. மகாராட்டிரத்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த அவர், 18 மாதங்கள் வீக்கத்தோடும் வலியோடும் இருந்தார். உள்ளூரில் காரணம் புலப்படவில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்னும் அச்சமே தந்தையை மும்பைக்கு அழைத்துவரச் செய்தது. சென்னையில் 4 ஆண்டுகள், மும்பையில் 18 மாதங்கள். ஓர் எக்ஸ் கதிர்ப் படம் முன்னரே எடுக்கப்பட்டிருந்தால் இவ்விரு குடும்பங்களின் அச்சமும் அத்துணைக் காலம் நீண்டிராது.

526, 232 என்னும் எண்கள் மிக அரியவை. பெரும்பாலான ஒடோன்டோமாக்கள் ஒரு பல்லின் அளவையும் விஞ்சுவதில்லை. வலி இராது, வீக்கமும் தெரியாது. அவை தம்மைக் காட்டிக்கொள்ளும் வழி வேறு. தம் பாதையில் முளைக்க வேண்டிய நிலைப்பல்லை அவை மறித்துவிடுகின்றன. மேலே இருக்கும் பால்பல்லைத் தள்ளி விழச் செய்ய எவரும் இல்லாமையால், அப்பால்பல் தன் காலம் கடந்தும் நிலைத்திருக்கும். விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. உடன் பயிலும் பிள்ளைகள் எல்லாம் எறிந்து முடித்தபின்னும் ஒரு பிள்ளையின் ஒரு பல் மட்டும் விழாதிருந்தால், அதனை உறுதியான பல் எனப் பெருமை கொள்ளுதல் தகாது.

இங்குப் பல் மருத்துவர்கள் கையாளும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் பொதுவாக 7 அல்லது 8 வயதிலும், மேல்தாடைக் கோரைப்பற்கள் 11 அல்லது 12 வயதிலும் வெளிப்படும். ஓரிரு திங்கள் முன்பின் ஆவது இயல்பே. ஆனால், வலப்புறப் பல் முளைத்து 6 திங்கள் கடந்தும் அதற்கு இணையான இடப்புறப் பல் முளைக்கவில்லையெனில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். படத்தில் ஒடோன்டோமா எலும்பைவிட வெண்மையாகவும், அதனைச் சுற்றி ஒரு கருங்கோடு வளையமாகவும் தெரியும். அக்கருங்கோடு, வளர்ச்சியை மூடியுள்ள மெல்லிய உறை. பெரும்பாலான ஒடோன்டோமாக்கள் 10 முதல் 20 வயதுக்குள்ளேயே கண்டறியப்படுகின்றன. மேனிலைப் பள்ளி மாணவர் பலர், பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டச் செல்லும்போது எடுக்கப்படும் படத்திலேயே முதன்முதலாக இதனை அறிகின்றனர்.

தீங்கற்றது என்பதனால் அப்படியே விட்டுவிடலாமா? விடுதல் நன்றன்று. மறிக்கப்பட்ட பல் கோணலாகத் திரும்பலாம். அண்டைப் பற்களின் இடம் பெயரலாம். புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாகி எலும்பை அரிக்கலாம். அரிதாக ஒடோன்டோமா ஈற்றைக் கிழித்து வெளிப்பட்டுச் சீழ் பிடிப்பதும் உண்டு. இன்னொன்றும் கருதத்தக்கது. எலிகளில் பல்லை நிறுத்தும் அதே ஏ.பி.சி. மரபணு, மனிதக் குடலின் உட்சுவரிலும் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. அம்மரபணுவில் பிறவிக் குறையுடைய கார்டினர் நோய்த்தொகுதியில், பெருங்குடலில் எண்ணற்ற சிறு முகைகள் தோன்றி, மருத்துவம் செய்யாவிடில் அவை புற்றாகின்றன. இந்நோயர் சிலருக்குக் குடலில் அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தாடையில் ஒடோன்டோமாவும் மிகைப்பற்களும் எலும்புப் புடைப்புகளும் காணப்படுவதுண்டு. இது மிக அரிய நோய். ஒடோன்டோமா உள்ளவருள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயோடு எவ்விதத் தொடர்பும் இராது. எனினும், ஒரே தாடையில் பல ஒடோன்டோமாக்களைக் காணும் பல் மருத்துவர், குடும்பத்தில் குடல்நோய் உண்டா என்று வினவுவார். பல்லுக்குச் சென்ற இடத்தில் குடலைப் பற்றிக் கேட்பதேன் என மலைக்க வேண்டுவதில்லை.

ஒடோன்டோமாவிற்கு மாத்திரையால் தீர்வு இல்லை, அறுவையே வழி. அதுவும் பெரும்பாலும் எளியதே. ஈற்றை விலக்கி, மூடியிருக்கும் எலும்பில் ஒரு சாளரம் அளவே திறந்து, உறையோடு சேர்த்து வளர்ச்சியை எடுத்துவிடுவர். நிலக்கடலையின் ஓட்டிலிருந்து பருப்புப் பிரிவதுபோல் அது எலும்பிலிருந்து பிரிந்து வருவதால், தாடையைச் சிதைக்க நேர்வதில்லை. சென்னைச் சிறுவனுக்கும் தாடையை மேற்புறத்திலிருந்து திறந்தனர். பக்கச் சுவர்களை உடைக்காமையால் தாடையை மறுபடி கட்டமைக்கத் தேவை எழவில்லை. அறுவைக்குப்பின் அவன் வாயில் 21 பற்கள் இருந்தன. முறையாக அகற்றப்பட்ட ஒடோன்டோமா மீண்டும் தோன்றுவது மிக அரிது.

அகற்றப்பட்டது ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். அங்கு அதனை அமிலத்தில் இட்டு மென்மையாக்கி, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிக் காண்பர். எனாமலின் எடையில் 96 விழுக்காடு கனிமப் பொருள் என்பதால், முதிர்ந்த எனாமல் அமிலத்தில் முற்றிலும் கரைந்துபோகும். ஆகவே கண்ணாடித் தகட்டில் டென்டைனும் பற்கூழும் நிறம்பெற்றுத் தோன்ற, எனாமல் இருந்த இடம் வெற்றிடமாகவே தெரியும். உடலின் மிகக் கடினமான பொருளை, அது இல்லாத இடத்தைக் கொண்டே நோய்க்கூறியலார் அடையாளம் காண்கின்றனர்.

தடை நீங்கியபின் புதைந்திருந்த நிலைப்பல்லின் நிலை என்ன? வேர் முழுமை பெறாத இளம்பல்லாயின், சில திங்களில் அது தானே மேலெழுந்து வரக்கூடும். வாராவிடில் அப்பல்லின் முடியில் ஒரு சிறு கொக்கியை ஒட்டி, நுண்ணிய சங்கிலியால் வரிசைப் பற்களின் கம்பியோடு பிணைத்து, மிகக் குறைந்த விசையால் திங்கள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பர். பல் தன் இடத்தை அடைய ஓராண்டு ஆகலாம், அதனினும் கூடலாம்.